வண்ணம் தேடிய பொறியாளர்

மேடும் பள்ளமும் நிறைந்த மண்தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் புழுதியைக் கிளப்பிப் பாய்ந்து வருகின்றன. ஓட்டுநரின் முகம் தெரிவதில்லை. வண்டியின் பெயரையும் படிக்க இயலுவதில்லை. ஆயினும் பார்வையாளர்கள் சிவப்பைக் கண்டதும் ஹோண்டா என்றும், மஞ்சளைக் கண்டதும் சுசுகி என்றும், பச்சையைக் கண்டதும் கவாசகி என்றும் அறிந்துகொள்கின்றனர். நிறமே நிறுவனத்தின் கொடியாக மாறிய வரலாறு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களுக்கு உண்டு. அவ்வரலாற்றின் முதன்மை மாந்தர்களுள் ஒருவர் சோய்ச்சிரோ ஹோண்டா. பட்டறைக் கரியில் பிறந்து வளர்ந்த அவர், கருமை ஒன்றே எந்திரத்தின் நிறம் என்னும் வழக்கத்தை ஏற்க மறுத்தவர்.

பட்டறையில் பிறந்த கனவு

ஜப்பான் நாட்டின் ஷிசுவோகா மாநிலத்திலுள்ள கோமியோ என்னும் சிற்றூரில் 1906ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சோய்ச்சிரோ பிறந்தார். தந்தை கிஹேய் கொல்லர். பின்னாளில் மிதிவண்டி பழுதுபார்க்கும் தொழிலையும் மேற்கொண்டார். தாய் மிக்கா நெசவில் தேர்ந்தவர். உலைக்களத்தின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்குப் பாடநூல்களைவிட எந்திரங்களின்மீதே நாட்டம் மிகுந்தது.

ஹமமாட்சு நகரில் அமெரிக்க விமானி ஒருவர் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டப்போவதாகச் செய்தி பரவியது. பள்ளிச் சிறுவனாயிருந்த சோய்ச்சிரோ, தந்தையின் மிதிவண்டியை யாருமறியாமல் எடுத்துக்கொண்டான். இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. எனவே குரங்குப் பெடல் போட்டே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றான். நுழைவுக் கட்டணத்திற்குக் கையிலிருந்த காசு போதவில்லை. அருகிலிருந்த பைன் மரத்தில் ஏறி, கிளைகளின் மறைவில் அமர்ந்து விமானத்தைக் கண்டு களித்தான். வீடு திரும்பிய மகனைக் கடிந்துகொள்ள எண்ணிய தந்தை, அவன் கண்டுவந்த காட்சியைக் கேட்டதும் சினம் தணிந்தார்.

வண்ணம் குறித்த முதற்பாடமும் அவருக்கு இளமையிலேயே கிடைத்தது. ஒரு விழா நாளில் தாய் தம்முடைய நீலநிற இடைக்கச்சையை மகனுக்குக் கட்டி அனுப்பினார். அது பெண்கள் அணியும் நிறம் என்று பிற சிறுவர்கள் எள்ளி நகையாடினர். அழுதுகொண்டே வீடு திரும்பிய சிறுவனின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. நிறத்தில் ஆண், பெண் என்னும் வேறுபாட்டை வகுத்தவர் யார்? பிறர் வகுத்த வழக்கிற்கு அஞ்சித் தமக்குப் பிடித்த நிறத்தைக் கைவிடக்கூடாது என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் சிவப்புச் சட்டை அணிந்து பொது இடங்களுக்கு வருவதைப் பலர் வியப்புடன் நோக்கினர். அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை.

உழைப்பும் இழப்பும்

1922ஆம் ஆண்டு, டோக்கியோவில் யூசோ சகாகிபாரா நடத்திவந்த ஆர்ட் ஷோகாய் என்னும் மோட்டார் வாகனப் பட்டறையில் சோய்ச்சிரோ பணியாளராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது எந்திரப்பணி அன்று. முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தரையைப் பெருக்குவதுமே. மனம் தளர்ந்தாலும் அவர் ஊர் திரும்பவில்லை. படிப்படியாகத் தொழில் கற்று, 1928ஆம் ஆண்டு அப்பட்டறையின் கிளையை ஹமமாட்சுவில் தொடங்கும் அளவிற்கு உயர்ந்தார்.

பின்னர் பிஸ்டன் வளையம் உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். வார்த்தெடுத்த வளையங்கள் தேறவில்லை. உலோகத்தின் இயல்பைத் தாம் அறியாததே காரணம் என உணர்ந்து, முப்பது வயதைக் கடந்த நிலையில் ஹமமாட்சு தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் மாணவராக அமர்ந்தார். கற்ற கல்வியால் தொழில் செழித்தது. ஆயின் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சும், 1945ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நேர்ந்த நிலநடுக்கமும் அவருடைய தொழிற்சாலைகளைச் சிதைத்தன. எஞ்சியதை டொயோட்டா நிறுவனத்திற்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஓராண்டுக்காலம் தொழிலைவிட்டு ஒதுங்கியிருந்தார்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் எரிபொருளுக்கும் போக்குவரத்திற்கும் பெருந்தட்டுப்பாடு நிலவியது. படையினர் வானொலிக் கருவிகளுக்குப் பயன்படுத்திய சிறிய எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1946ஆம் ஆண்டு சோய்ச்சிரோ அவற்றை வாங்கி மிதிவண்டியில் பொருத்தினார். முதல் முயற்சியில் எரிபொருள் கலனாக அமைந்தது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க்குடுவை! மனைவி சச்சி அவ்வண்டியை ஓட்டிப் பார்த்து, எண்ணெய் தெறித்து உடை கறைபடுவதைச் சுட்டிக்காட்டினார். அக்குறையைச் சோய்ச்சிரோ உடனே களைந்தார். 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது.

கருமையை விட்டு

அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றாலே கறுப்பு என்பது எழுதப்படாத விதி. 1949இல் வெளிவந்த 'டிரீம்' வண்டிக்குச் சோய்ச்சிரோ அரக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். அதே ஆண்டில் அவருடன் இணைந்த தக்கேயோ ஃபுஜிசவா விற்பனையையும் நிதியையும் ஏற்றுக்கொள்ள, சோய்ச்சிரோ எந்திரத்தில் முழுமையாக மூழ்கினார். 1952இல் வந்த மிதிவண்டி எஞ்சினாகிய 'கப்', வெண்ணிறக் கலனும் செந்நிற எஞ்சினுமாகக் கண்ணைக் கவர்ந்தது. நாடெங்குமுள்ள ஏறத்தாழ 50,000 மிதிவண்டிக் கடைகளுக்கு ஃபுஜிசவா மடல் எழுதி அதற்கு விற்பனையாளர்களைத் திரட்டினார்.

தொழிலாளர்களின் சீருடைக்கும் சோய்ச்சிரோ வெண்மையையே விரும்பினார். அழுக்கை மறைக்கும் உடை தூய்மையை வளர்க்காது என்பது அவர் கருத்து. வடிவத்தைக் கற்க அவர் அயல்நாட்டு வண்டிகளை மட்டும் நாடவில்லை. நாரா, கியோட்டோ நகரங்களின் கோயில்களிடையே பல நாள் உலவினார். புத்தர் சிலையின் புருவத்திலிருந்து மூக்கிற்கு இறங்கும் கோட்டைக் கண்டு உள்வாங்கி, 1957ஆம் ஆண்டின் டிரீம் வண்டியின் கலனுக்கு விளிம்பு வகுத்தார்.

நிறத்திற்காக அரசுடனும் அவர் வாதிட நேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அவரது நிறுவனம் சிறிய விளையாட்டுக் காரை உருவாக்கியது. அதற்குச் சிவப்பே பொருந்தும் என்பது அவர் முடிவு. தீயணைப்பு வண்டிக்குரிய சிவப்பையும் காவல் வண்டிக்குரிய வெண்மையையும் பொதுமக்களின் கார்களுக்குப் பூசக்கூடாது என்று ஜப்பானில் தடை இருந்தது. வடிவமைப்பின் அடிப்படை நிறமொன்றை அரசு தனக்கே உரியதாக்கிக்கொள்வது முறையன்று என அவர் நாளிதழ்ப் பத்தியில் எழுதினார். நிறுவனத்தினர் அமைச்சகப் படிகளில் பலமுறை ஏறி இறங்கினர். முடிவில் தடை நீங்கியது. ஜப்பானியச் சாலைகளில் இன்று ஓடும் சிவப்புக் கார்களுக்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

தோல்வி கற்பித்த பாடம்

1954ஆம் ஆண்டு, நிறுவனம் நிதி நெருக்கடியில் இருந்தபோதே, பிரிட்டன் அருகிலுள்ள மேன் தீவில் நடைபெறும் உலகப்புகழ் பெற்ற பந்தயத்தில் பங்கேற்கப்போவதாகச் சோய்ச்சிரோ அறிவித்தார். 1959இல் முதன்முதலாகக் களமிறங்கிய ஹோண்டா அணி, 125 சி.சி. பிரிவில் ஆறாம் இடத்தையும் அணிக்கான பரிசையும் பெற்றது. 1961இல் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களையும் அவ்வணியே வென்றது.

வெற்றிகள் தன்னம்பிக்கையை வளர்த்தன. சில வேளைகளில் பிடிவாதத்தையும் வளர்த்தன. சினம் வந்தால் கையிலிருக்கும் கருவியை வீசியெறியும் இயல்பு அவருக்கு இருந்தது. பின்னர் அதற்காக வருந்துவதும் உண்டு. கார் எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றே போதும், நீர் வேண்டியதில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1968இல் காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பந்தயக் கார் உருவாக்கப்பட்டது. அது களத்திற்கு ஆயத்தமாகவில்லை என்று கூறி, அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அதனை ஓட்ட மறுத்தார். பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் நடந்த போட்டியில் அக்கார் விபத்திற்குள்ளாகித் தீப்பற்றியது. ஓட்டிய ஜோ ஷ்லெசர் உயிரிழந்தார்.

புகைமாசைக் குறைக்க நீர்க்குளிர்ப்பு முறையே ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் எடுத்துரைத்தும் சோய்ச்சிரோ இசையவில்லை. அப்போது ஃபுஜிசவா அவரிடம், நிறுவனத் தலைவராக இருக்க விரும்புகிறாரா, பொறியாளராக மட்டும் இருக்க விரும்புகிறாரா என வினவினார். நெடுநேரம் சிந்தித்த சோய்ச்சிரோ தலைவராகவே இருக்கத் தீர்மானித்து, இளைஞர்களின் வழியை ஏற்றார். அதன் பயனாகப் பிறந்த குறைபுகை எஞ்சின், அமெரிக்காவின் கடுமையான தூய காற்று விதிகளை 1972இல் நிறைவு செய்தது.

மண்தடத்தில் புதிய நிறம்

மண்தட வண்டிகளிலும் இதே பாடம் தொடர்ந்தது. மோட்டோகிராஸ் பந்தயங்களில் எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களே வென்றுவந்தன. சுசுகி நிறுவனத்தின் வண்டியில் ஜோயல் ராபர்ட் 1970 முதல் தொடர்ந்து மூன்றாண்டுகள் உலக வாகையர் பட்டம் பெற்றார். எண்ணெயைச் சேர்த்தெரித்துப் புகையும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைச் சோய்ச்சிரோ விரும்பியவரல்லர். ஃபோர்-ஸ்ட்ரோக்கே அவருடைய பெருமை. எனினும் தம் பொறியாளர்களின் கருத்திற்கு இடங்கொடுத்தார்.

அவ்வாறு 1973இல் பிறந்தது 'எல்சினோர்' எனப்பட்ட சி.ஆர். 250 எம். கலிபோர்னியாவின் எல்சினோர் ஏரிப் பகுதியில் நடைபெற்ற புகழ்மிக்க பந்தயத்தின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. வெள்ளி மின்னும் அலுமினியக் கலன், அதன்மேல் பச்சைப் பட்டை. அவ்வாண்டே கேரி ஜோன்ஸ் அவ்வகை வண்டியில் அமெரிக்க 250 சி.சி. வாகையர் பட்டத்தை வென்றார். சில ஆண்டுகளில் வெள்ளியும் பச்சையும் மறைந்தன. 1978ஆம் ஆண்டின் சி.ஆர். 250 ஆர் செந்நிறம் பூண்டு வந்தது.

இன்று பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர், தொழிற்சாலையில் பூசிய முதல் நிறத்தைத் தேடி அலைகின்றனர். 'கேண்டி' எனப்படும் பூச்சில் அடியில் வெள்ளி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம், அதன்மேல் தெளிந்த மெருகு எனப் பல அடுக்குகள் உண்டு. வண்ண அடுக்கு சற்றுத் தடித்தாலும் நிறம் மாறிவிடும். வெயிலில் வெளிறவும் செய்யும். ஆகவே அவர்கள் கலனில் பதித்த சின்னத்தைக் கழற்றி, வெயில்படாத அந்தச் சிற்றிடத்தில் எஞ்சியுள்ள நிறத்தை அளவுகோலாகக் கொள்கின்றனர்.

விடைபெறுதல்

1973ஆம் ஆண்டு அக்டோபரில், இளையோருக்கு வழிவிட்டுச் சோய்ச்சிரோவும் ஃபுஜிசவாவும் ஒருங்கே ஓய்வுபெற்றனர். பின்னர் அவர் நாடெங்குமுள்ள தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் சென்று, தொழிலாளர் ஒவ்வொருவரின் கையையும் பற்றி நன்றி கூறினார். எண்ணெய்க் கறை படிந்த தம் கையைக் கழுவ விரைந்த ஒருவரைத் தடுத்து, அக்கறையோடு கூடிய கையையே விரும்பிப் பற்றினார். ஓய்வுக்காலத்தில் தூரிகை ஏந்தி ஓவியமும் தீட்டினார்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அவர் மறைந்தார். பெருந்திரளாக மக்கள் கூடினால் சாலைகளில் நெரிசல் உண்டாகும். வண்டி செய்பவர் பிறர் பயணத்திற்கு இடையூறாக இருக்கலாகாது எனக் கருதி, நிறுவனத்தின் சார்பில் இறுதிச்சடங்கு நடத்த வேண்டாம் என முன்னரே கூறியிருந்தார்.

நிறத்திற்காக அரசின் விதியையே எதிர்த்து நின்றவர், தம் இளம் பொறியாளர்களின் அறிவுக்கு முன்னே தலைதாழ்ந்தார். எவ்விடத்தில் உறுதியாக நிற்பது, எவ்விடத்தில் விட்டுக்கொடுப்பது என்பதை அறிவது எளிதன்று. சோய்ச்சிரோ ஹோண்டா அதனைத் தம் வெற்றிகளைக் காட்டிலும் தோல்விகளிலிருந்தே கற்றுக்கொண்டார்.