பயாஸுக்குப் பெயர் வைத்தவர்

தம்புள்ளையில் நண்பர் நடத்தும் ஒளிப்படக் கலையகத்தில் ஒரு பழைய வேர்க்ஸ்டேஷன் இருக்கிறது. கடந்த மாதம் ஒரு காலையில் அது இயங்க மறுத்தது. பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை சுமக்கும் தொழிலாளர்களிடம் நான் மூன்று மாதமாக எடுத்த நேர்காணல்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. ஊடகக் கற்கையில் முதல் வருடமே சொல்லித் தந்த பாடத்தை மறந்திருந்தேன்.

மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது, பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. பக்கத்தில் கணினி திருத்தும் தம்பி வந்து றாம் அட்டைகளைக் கழற்றினார். அவற்றின் தங்க நிற விளிம்பைப் பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். திரை வந்தது. ஆனால் திகதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. விண்டோஸ் பாதிவரை வந்து, நீலத் திரை காட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பற்றரி செத்துவிட்டதால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிட்டது என்றார் தம்பி. புதிய பற்றரி வாங்க அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

கேரி கில்டல் 1942இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் அங்கே கப்பலோட்டிகளுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972இல் கலாநிதிப் பட்டம் பெற்ற கில்டல், கலிபோர்னியாவின் மொன்டரே நகரிலுள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் கற்பித்தார். இன்டெல்லின் சிறிய சில்லுகளை அந்நாளில் பலர் போக்குவரத்து விளக்குக்கும் கல்குலேட்டருக்கும் உரியவையாகவே பார்த்தார்கள். கில்டல் அவற்றில் முழுக் கணினியைக் கண்டார். 1974இல் அவர் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளத்தில் இன்டெல் அக்கறை காட்டவில்லை. மனைவி டொரத்தியுடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி அவரே அதை விற்றார்.

விற்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு கம்பனியின் கணினியும் வெவ்வேறு மாதிரி. டிஸ்க் ஓட்டும் பகுதிகூட ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முழு மென்பொருளையும் திருத்தி எழுதுவது முடியாத காரியம். எனவே வன்பொருளோடு நேரடியாகப் பேசும் வரிகளை மட்டும் பிரித்து ஒரு சிறு பகுதியாக்கி, அதற்குப் பயாஸ் என்று பெயர் வைத்தார். புதிய கணினி வந்தால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும், மற்றதைத் தொடத் தேவையில்லை. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்தப் பிரிப்பினால்தான் நூற்றுக்கணக்கான வகைக் கணினிகளில் ஒரே மென்பொருள் ஓடியது. பிறகு ஐபிஎம் தன் பயாஸைச் சில்லுக்குள் வைத்தது.

கில்டல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1980தான். ஐபிஎம் அதிகாரிகள் வந்தபோது அவர் விமானம் ஓட்டி விளையாடப் போய்விட்டார், அதனால் எல்லாம் பில் கேட்ஸுக்குப் போனது என்பது கதை. அன்று அவர் விமானத்தில் போனது உண்மை, ஆனால் போனது தொழில் விடயமாக. இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட டொரத்தி தயங்கினார். கில்டல் பின்னர் ஐபிஎம்முடன் பேசியும் உடன்பாடு வரவில்லை. சிபி/எம் போலவே இயங்கும்படி சியாட்டிலில் வேறொருவர் எழுதியிருந்த மென்பொருளை மைக்ரோசொஃப்ட் விலைக்கு வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. கில்டல் ஆட்சேபித்ததும் ஐபிஎம் இரண்டையும் விற்கச் சம்மதித்தது. ஒன்றின் விலை 40 டொலர். கில்டலுடையது 240 டொலர். என்னைக் கேட்டால் அவரை வீழ்த்தியது விமானம் அல்ல, அந்த விலைச்சீட்டு.

பணத்துக்கு அவருக்குக் குறைவிருக்கவில்லை. 1983 முதல் 1990 வரை தொலைக்காட்சியில் கணினி பற்றிய நிகழ்ச்சி ஒன்றை இணைந்து நடத்தினார். 1991இல் நிறுவனம் நோவெல்லுக்குக் கைமாறியது. மறுவருடம் அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கணினித் துறை 25ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது, முதன்மை உரைக்கு அழைக்கப்பட்டவர் கேட்ஸ். கில்டலுக்கு வந்தது பார்வையாளராக வரும்படி ஓர் அழைப்பு. அந்தக் காயத்தோடுதான் நினைவுக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். 1994 ஜூலையில் மொன்டரேயில் ஒரு மதுச்சாலையில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து 52 வயதில் இறந்தார். குறிப்புகளின் ஒரு பகுதி வெளியானது 2016இல்தான்.

தம்பி பற்றரியோடு திரும்பி வந்தார். அதை மாற்றியும் நீலத் திரை போகவில்லை. பயாஸுக்குள் போய், ஹார்ட் டிஸ்க்கை வாசிக்கும் முறையை விண்டோஸ் நிறுவியபோது இருந்ததற்கு மாற்றிச் சேமித்தார். இம்முறை விண்டோஸ் முழுதாக வந்தது. நேர்காணல்கள் ஒன்றும் குறையாமல் இருந்தன. அன்று மாலையே அவற்றை இரண்டு வெளி டிஸ்க்குகளில் பிரதியெடுத்தேன். ஒன்றை மாத்தளையில் அம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.