தாவர நூல் வல்லார் ஜானகி அம்மாள்

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களினின்று உயிர்நூல் கற்க வந்த மாணவர் நம்மிடையே உளர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், செடியையும் பூச்சியையும் படித்து யாது பயன் என்று பெரியோர் அவர்களை வினவுகின்றனர். சிறு கலாசாலையில், ஒரு மைக்ராஸ்கோப்பை நால்வர் மாறி மாறி நோக்கிக் கற்கும் கல்வி எவ்வளவு தூரம் செல்லும் என்னும் ஐயம் நம் உள்ளத்திலும் இல்லாமலில்லை. இவ்வையத்திற்கு விடையாகும் ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜானகி அம்மாள் 1897-ம் ஆண்டு நவம்பர் 4-ம் நாள் மலையாள நாட்டுத் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதிபதி உத்தியோகம் வகித்தவர். தோட்டத்திலும் பறவைகளிலும் பற்று மிக்கவர். அப்பற்று மகளையும் தொடர்ந்தது. அக்காலத்தில் பெண்களுக்கு வயது வந்ததும் விவாகம் செய்வித்தலே வழக்கம். அம்மையாரோ கல்வியையே துணையாகக் கொண்டு சென்னைக்கு வந்து, இராணி மேரி கலாசாலையிலும் மாநிலக் கலாசாலையிலும் பயின்று, 1921-ல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் ஆசிரியராக அமர்ந்தது சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையில். 1915-ல் தோன்றிய அக்கலாசாலை அந்நாளில் மிக இளையது. அங்குக் கற்பித்து வருகையில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலை அளித்த பார்பர் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. கடல் கடந்து கற்று, மீண்டு வந்து கற்பித்து, மறுமுறையும் சென்று 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சிறு கலாசாலை அவருக்குத் தடையாகவில்லை, படியாகவே நின்றது.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்தார். இனிப்பு மிக்க கரும்பையும், ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலையும் கலந்து வலிய இனம் காணும் முயற்சியைப் பார்பரும் வெங்கட்டராமனும் அங்கு முன்னரே தொடங்கியிருந்தனர். இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோஸோம்கள் உள்ளன. நாணலிலோ அத்தொகை இடத்திற்கு இடம் வேறுபடும். இவற்றை எண்ணி ஒப்பிடுதலே அம்மையாரின் பணி. கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து காட்டினார். நம் நாட்டு வயல்களில் இன்று விளையும் கரும்பு பெரும்பாலும் கரும்பும் நாணலும் கலந்த வழியில் வந்ததே என்பதை உழவர் வீட்டு மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று. ஆயினும், பெண் என்பதாலும் பிற்பட்ட குலத்தினர் எனக் கருதப்பட்டதாலும் அவர் அடைந்த இடர்கள் பல.

1939-ல் எடின்பரோ நகரில் கூடிய மரபுநூல் மகாநாட்டிற்குச் சென்றார். போர் மூண்டமையால் இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னஸ் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1945-ல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோஸோம் தொகைகளைக் காட்டும் பெருநூலை வெளியிட்டார். பின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒருவகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1955-ல், மனிதன் பூமியின் முகத்தை மாற்றியமை பற்றிப் பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்கில் கலந்துகொண்டார். விளைச்சலைப் பெருக்கும் கலையில் வல்ல அவர், விளைச்சலின் பெயரால் காடு அழிதலையும், காட்டு மக்களின் தாவர அறிவு மறைதலையும் கண்டு கவன்றார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையில் சென்னையை அடுத்த மதுரவாயலில், சர்வகலாசாலையின் ஆய்வு நிலத்திலேயே எளிய வாழ்வு நடத்தினார்.

அந்நாளில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்சார அணை கட்டும் திட்டம் எழுந்தது. மின்சாரம் வேண்டாத பொருளன்று. கீழ்பென்னாத்தூர்க் கிணறுகளில் நீர் இறைப்பதும் அதுவே. எனினும், ஒருமுறை மூழ்கிய தொன்மைக் காட்டை மீட்டும் படைக்க எவராலும் இயலாது. எண்பதை எட்டிய அம்மையார் அணையை எதிர்த்தோருடன் நின்றதோடு அமையாது, அக்காட்டு மரங்களின் குரோமோஸோம்களை ஆராயவும் முற்பட்டார். இழக்கப்போவது யாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுதலே அவர் அறிந்த வழக்காடும் முறை. 1984-ம் ஆண்டு பெப்ருவரி 7-ம் நாள் ஆய்வு நிலையத்திலேயே உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றியைக் காண அவர் இல்லை.

உயிரணுவை நோக்கிய கண்ணே இறுதியில் காட்டையும் காத்தது. பொறுமையாக நோக்குதல், பிழையின்றி எண்ணுதல், கண்டதை அஞ்சாது உரைத்தல் ஆகிய இம்மூன்றையும் கற்கப் பெரிய கலாசாலைதான் வேண்டும் என்பதில்லை. கீழ்பென்னாத்தூர் மாணவர் அடுத்த விடுமுறையில் தம் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் செடிகளின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கட்டும்; முன்பிருந்து இப்போது காணாதவை எவை என்று பெரியோரைக் கேட்டு அவற்றையும் எழுதட்டும். படிப்பின் பயன் யாது என்று வினவிய பெரியோர்க்கு அக்குறிப்பேடே விடை கூறத் தொடங்கும்.