பால்வாடிக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லையா? வகுப்பறையை வாசலுக்குக் கொண்டு போன தாராபாய் மோடக் யார்?

நம்ம ஊர்ல பால்வாடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பால்தான். உண்மையில் மராத்தி, இந்தியில் 'பால்' என்றால் குழந்தை. 'அங்கன்' என்றால் முற்றம். இந்த இரண்டு பெயர்களுக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது.

யார் இந்த தாராபாய்?

1892-ல் பிறந்தவர். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1914-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அமராவதி வழக்கறிஞரைத் திருமணம் செய்தார். அந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. கைக்குழந்தையோடு தனித்து நின்றவர், ராஜ்கோட்டில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார்.

நல்ல வேலையை ஏன் விட்டார்?

பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்பவர், அடியும் மிரட்டலும் இல்லாத குழந்தைகள் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரானவர் அவர். தாராபாயும் முதல்வர் பதவியை உதறிவிட்டு அவரோடு சேர்ந்தார். 1926-ல் இருவரும் நூதன் பால சிக்ஷண சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. மாண்டிசோரி கல்விக்கான உபகரணங்கள் விலை அதிகம். காசு உள்ள நகரத்துப் பிள்ளைகளுக்குச் சரி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு?

போர்டியில் என்ன நடந்தது?

பதில் தேடி 1945-ல் மகாராஷ்டிராவின் கடலோரக் கிராமமான போர்டிக்குப் போனார். அப்போது வயது 53. கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை எல்லாம் பாடப் பொருளாச்சு. எண்ணிக்கை, நிறம், அளவு என எல்லாவற்றையும் அதிலேயே சொல்லிக்கொடுக்கலாம். செலவும் இல்லை.

அப்படியும் ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வரலைன்னா, பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று முடிவெடுத்தார். குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பு நடந்தது. அதுதான் அங்கன்வாடி. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி விடுவதும் ஆசிரியர் வேலைதான்.

கோஸ்பாட் மலையில்...

1950-களில் வார்லி பழங்குடிகள் வாழும் கோஸ்பாடுக்கு இடம் மாறினார். அங்கே வேறு சிக்கல். மூத்த பிள்ளை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கணும், இல்லைன்னா மாடு மேய்க்கணும். அப்புறம் எப்படிப் படிக்கும்?

தாராபாய் திட்டுவதை விட்டு ஏற்பாட்டை மாற்றினார். குழந்தைகள் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே இடத்தில். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டே அக்கா பள்ளிக்கு வரலாம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு.

இந்தப் பயணத்தில் கூடவே நின்றவர் அனுதாய் வாக். 13 வயதில் திருமணமாகி, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பின்பு படித்து ஆசிரியரானவர். தாராபாய்க்குப் பிறகும் கோஸ்பாட் பணியைத் தொடர்ந்தவர் இவர்தான்.

அதன் பிறகு?

1962-ல் தாராபாய்க்கு பத்மபூஷண் கிடைத்தது. 1973-ல் காலமானார். இரண்டே வருடத்தில், 1975 அக்டோபர் 2-ல், மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மையங்களுக்கு வைக்கப்பட்ட பெயர் அங்கன்வாடி. இன்று நாடு முழுக்க லட்சக்கணக்கான மையங்கள் அதே பெயரில் இயங்குகின்றன. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.