வலுவான அமிலத்தின் புதிரை அவிழ்க்கப் புறப்பட்ட ஞான் சந்திர கோஷ்

புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட குன்று. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் எல்ஆர்டி ரயிலும்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஆசிட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் திரவம். பெரும்பாலும் அது பார்மிக் அமிலம், இல்லையென்றால் அசிட்டிக் அமிலம். இரண்டுமே வலுக்குறைந்த அமிலங்கள். கந்தக அமிலம் போன்ற வலுவான ஒன்றை அளவு மீறி ஊற்றினால் ரப்பரே கெட்டுவிடும்.

அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் தொடக்கக் கல்லூரி வேதியியல் பாடத்தில் அதே அமிலங்களைக் கணக்காகச் சந்திக்கிறார்கள். ஒரு லிட்டரில் 0.1 மோல் அசிட்டிக் அமிலம். அதன் பிஎச் 2.88. அயனியாக்க மாறிலி எவ்வளவு? பிஎச் மதிப்பிலிருந்து ஹைட்ரஜன் அயனியின் அளவு 0.00132 மோல் என்று கிடைக்கும். அதை அதனாலேயே பெருக்கி, பிரியாமல் மீதமுள்ள அமிலத்தின் அளவான 0.0987ஆல் வகுத்தால் விடை சுமார் 0.000018. பார்மிக் அமிலத்துக்கு இது 0.00018, அதாவது பத்து மடங்கு.

கணக்கு சுலபம். ஆனால் இதே முறை உப்பு அமிலத்திடமோ சாதாரண சமையல் உப்பிடமோ பலிப்பதில்லை. ஏன் என்று கேட்டவர்களில் ஒருவர், கல்கத்தாவில் இருந்த 24 வயது இளைஞர்.

அவர் கேள்வி புரிய வேண்டுமானால் சற்றுப் பின்னால் போக வேண்டும். நீரில் கரைந்த பொருள் மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது என்று சுவீடனின் அரீனியஸ் 1880களில் சொன்னார். முனைவர் பட்ட ஆய்வில் உப்சாலா பல்கலைக்கழகம் அவருக்குக் குறைந்த தரமே கொடுத்தது. 1903ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது வேறு கதை. அவர் கருத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்ட்வால்ட் 1888ல் ஒரு விதி வகுத்தார். கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்தால், நூற்றுக்கு எத்தனை மூலக்கூறு பிரிந்திருக்கிறது என்று தெரியும். 0.1 மோல் அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 பிரியும். நூறு மடங்கு நீர் சேர்த்தால் ஏறத்தாழ 12 பிரியும். எவ்வளவு நீர் சேர்த்தாலும் மாறிலி மட்டும் அசையாது. உப்பு அமிலத்தில் அது நிலைகொள்ளாமல் ஆடியது. முப்பது ஆண்டுகளாக வேதியியலாளர்களுக்கு இது தீராத தலைவலி.

ஞான் சந்திர கோஷ் 1894ல் வங்காளத்தின் புருலியாவில் பிறந்தவர். கிரிதியில் பள்ளிப் படிப்பு, பிறகு கல்கத்தா மாநிலக் கல்லூரி. அங்கே அவருடைய ஆசான் பிரபுல்ல சந்திர ராய். உடன் படித்தவர்கள் சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா. ஒரே வகுப்பில் இப்படி ஒரு கூட்டம் அமைவது அபூர்வம். படிப்பு முடிந்ததும் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் நன்கொடையில் எழுந்த கல்கத்தா அறிவியல் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து கருவிகள் வருவது குதிரைக்கொம்பு. அவருக்குத் தேவைப்பட்டது தாளும் பென்சிலும், மற்றவர்கள் ஏற்கெனவே அளந்து வைத்த எண்களும்தான்.

1918ல் லண்டன் வேதியியல் சங்கத்தின் இதழில் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. வலுவான அமிலமும் உப்பும் பாதி பிரிந்து பாதி பிரியாமல் நிற்பதில்லை, முழுவதுமே பிரிந்துவிடுகின்றன என்றார். பிரிந்த பிறகும் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால்தான் கடத்துதிறன் குறைகிறதாம். முழுப் பிரிவு என்ற எண்ணம் புதிதல்ல. டென்மார்க்கின் பியெரும் போன்றோர் முன்பே சொல்லியிருந்தனர். அந்த இழுவிசைக்கு எண்ணில் கணக்குப் போட முனைந்ததுதான் கோஷின் துணிச்சல். உப்புப் படிகத்தில் அயனிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதுபோல் கரைசலிலும் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். பல உப்புகளுக்கு அவர் விடை சோதனையோடு ஒத்துப்போனது. காலனி நாட்டு இளைஞர் ஒருவரின் கோட்பாட்டை ஐரோப்பிய அறிஞர்கள் விவாதித்தார்கள். அடுத்து லண்டனில் டோனனின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி.

ஐந்தே ஆண்டுகள். 1923ல் டெபை, ஹியூக்கல் இருவரும் வேறு கணக்கோடு வந்தார்கள். அயனிகள் படிகம்போல் வரிசையில் நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் எதிர்மின்னூட்ட அயனிகள் மேகம்போல் சூழ்கின்றன என்றார்கள். அளவீடுகள் அவர்கள் பக்கமே நின்றன. முழுப் பிரிவு என்ற கருத்து நிலைத்தது, கோஷின் கணக்கு நிலைக்கவில்லை. பாடநூல்களில் அவர் பெயரும் மெல்ல மறைந்தது.

அந்தத் திருத்தம் வலுக்குறைந்த அமிலத்துக்கும் உதவியது என்பது சுவையான செய்தி. 1932ல் மக்கின்னஸ், ஷெட்லோவ்ஸ்கி இருவரும் அயனிகளின் இழுவிசையையும் கணக்கில் சேர்த்து அசிட்டிக் அமிலத்தின் மாறிலியை 0.00001753 என்று கண்டார்கள். மாணவர்கள் 0.000018 என்று எழுதுவது அதன் முழுமையாக்கப்பட்ட வடிவம்.

கோஷ் அதற்குள் டாக்காவில் இருந்தார். 1921ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை அவர் கட்டினார். இயற்பியல் பக்கத்தில் பழைய வகுப்புத் தோழர் போஸ். ஒளி வேதியியலிலும் வினையூக்கிகளிலும் அவர் ஆராய்ச்சி திரும்பியது. 1939ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். போர்க்காலத்தில் 1942ல் அங்கே விமானப் பொறியியல் துறை உருவானது அவர் பொறுப்பில்தான். மறு ஆண்டு சர் பட்டம்.

விடுதலைக்குப் பின் 1950ல் கரக்பூரில் நாட்டின் முதல் ஐஐடிக்கு முதல் இயக்குநர். கட்டடம் எது தெரியுமா? ஹிஜ்லி தடுப்புச் சிறை. 1931ல் அங்கே காவல் துறை சுட்டதில் கைதிகள் இருவர் இறந்தனர். அதே சுவர்களுக்குள் 1951ல் பொறியியல் வகுப்புகள் தொடங்கின. பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அதன்பின் திட்டக்குழு உறுப்பினர். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே 1959 ஜனவரி 21ஆம் தேதி கோஷ் காலமானார்.