மணி ஐயரும் கோயில் கணக்கும்

யாங்கோன் அனோரதா சாலையில் உள்ள ஸ்ரீ காளியம்மன் கோயில் 1871-ல் எழுந்தது. கடல் கடந்து வந்த நம் முன்னோர் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசில் எழுப்பிய கோயில் அது. அதே நாட்களில் மதுரையில் வக்கீல் தொழில் நடத்தி வந்த ஒரு பெரியவரை இந்த இதழில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றால் அக்காலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மதுரை ஜில்லாவில் 1842 அக்டோபர் 1-ம் தேதி பிறந்த அவர், சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாயாரும் தமையனாரும் வளர்த்தனர். இளம் வயதில் மதுரை கிரிமினல் கோர்ட்டுகளில் அரசாங்கத் தரப்பில் வழக்கு நடத்தினார். 1868-ல் பி.எல். தேறினார். 1885-ல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வருடக் கடைசியில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலும் கலந்துகொண்டார். 1888-ல் சென்னையில் அரசாங்க வக்கீலானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1895-ல் ஹைகோர்ட் நீதிபதி. மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதி. 1907-ல் ஓய்வு.

அத்துடன் ஈஸிசேரில் சாய்ந்திருக்கலாம். அவரோ கோயில் கணக்கைக் கையில் எடுத்தார்!

1863-ம் வருடச் சட்டத்தின் பின் சர்க்கார் கோயில் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டது. பல ஊர்களில் கோயில் சொத்தைத் தர்மகர்த்தாக்கள் சொந்தச் சொத்தாகவே நினைக்கத் தொடங்கினர். இதைத் திருத்த 1908-ல் தர்ம ரக்ஷண சபையை மணி ஐயர் தோற்றுவித்தார். அவ்வருடச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ம் பிரிவு கோயிலில் அக்கறையுள்ள இருவர், அட்வகேட் ஜெனரலின் சம்மதத்துடன், கணக்குக் கேட்டு வழக்குப் போட வழி செய்தது. கூச்சல் போடாமல் கோர்ட் மூலமாகவே காரியம் சாதிக்க வேண்டும் என்பது சபையின் வழி. 1937 வரை பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியே என்பதால் அந்தச் சட்டம் ரங்கூனுக்கும் பொருந்தியது. கோயில் கமிட்டியில் கணக்குக் கேட்பவரைக் கலகக்காரர் என்று முணுமுணுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஹைகோர்ட் நீதிபதியாக இருந்தவரே அதைத்தான் செய்தார்.

1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டபோது மணி ஐயருக்கு வயது 74. ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவர் அவர். ஜூன் 24-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்தியாவின் குறைகளைக் கூறிக் கடிதம் எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கும். அமெரிக்கத் தம்பதியர் கையில் கொண்டு சேர்த்தனர். 1918-ல் விஷயம் லண்டன் பார்லிமெண்டில் வெடித்தது. இந்தியா மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார்.

1924 டிசம்பர் 5-ம் தேதி காலமானார். அவர் கண்ணை மூடிய சில வாரங்களில், 1925-ல், சென்னை மாகாணத்தில் இந்து அறநிலையச் சட்டம் அமலுக்கு வந்தது.