மாண்டிசோரி அம்மையார்

இளஞ்சிறார் கல்வியைப் பற்றிப் பேசுவோர் நாவில் மாண்டிசோரி அம்மையாரின் பெயர் தவறாது வருகின்றது. காரைக்குடி முதலிய நம் செட்டிநாட்டு ஊர்களிலும் அம்முறையைப் போற்றுவோர் பலர். எனினும் அம்மையார் தம் முறையை முதன்முதலிற் கற்றது யாரிடம் என்பதை அறிந்தோர் சிலரே. அதனை எடுத்துரைப்பதே ஈண்டு நம் நோக்கமாகும்.

மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்தார். பெண்கள் வைத்தியம் பயில்வது மிக அருமையாயிருந்த அந்நாளில், தந்தையார் விரும்பாதிருந்தும், ரோமாபுரிச் சர்வகலாசாலையிற் பயின்று 1896-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் அதனைச் சார்ந்த மனநோய் வைத்தியசாலையில் உதவி வைத்தியராய் அமர்ந்தார்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பித்துற்ற பெரியோருடனே அடைத்துவைப்பது அக்கால வழக்கம். அத்தகைய ஓரிடத்தில், உணவு முடிந்தபின் குழந்தைகள் தரையில் தவழ்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினராம். காவற்பெண் அதனைப் பெருந்தீனி வேட்கை என்று இகழ்ந்தனள் என்பர். அம்மையார் சுற்றிலும் நோக்கினார். அவ்வறையில் கையாற் பற்றுதற்கு வேறொரு பொருளும் இல்லை. குழந்தைகளின் கைகளும் மனமுமே பசித்திருந்தன என்பதை அவர் உணர்ந்தார்.

அன்றுதொட்டு இதார், செகேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களைத் தம் கையாலேயே எழுதிப் பெயர்த்து ஆழ்ந்து கற்றார். 1900-இல் ரோமாபுரியில் இக்குழந்தைகட்கென ஏற்பட்ட பள்ளியை மொண்டெசானோ என்னும் வைத்தியருடன் நடத்தினார். பகலெல்லாம் குழந்தைகளுடன் இருந்து, இரவிற் குறிப்பெழுதினார். பதினொரு வயதுச் சிறுமியொருத்திக்கு எத்துணை முயன்றும் தையல் வரவில்லை. அம்மையார் ஊசியை விலக்கிவிட்டு, தாள் நாடாக்களை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய்போற் பின்னப் பழக்கினார். கை பழகியபின் ஊசியைத் தர, தையல் தானே வந்தது. செயலைக் கற்பிக்குமுன் அதற்குரிய அசைவைப் பழக்குதல் வேண்டும் என்னும் நெறியை அவர் இங்ஙனம் கண்டார். அப்பள்ளிப் பிள்ளைகளுட் சிலர் எழுதப் படிக்கக் கற்றுப் பொதுத் தேர்விலும் தேறினர்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோவில் குழந்தையர் இல்லத்தைத் திறந்தார். முன்னைய நெறியே அங்கும் பயன்பட்டது. நான்கு வயதுக் குழந்தைகள் சூடான கஞ்சிக் கலத்தைச் சிந்தாது ஏந்திப் பிறர்க்குப் பரிமாறினர். அவர் புகழும் உலகெங்கும் பரவிற்று.

1939-இல் அம்மையார் சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்தார். 1940-இல் இத்தாலி போரிற் புகவே, அவர் மகனார் மரியோ சிறைக்காவலில் வைக்கப்பட்டு, சின்னாளில் விடுதலை பெற்றார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் நம்மவர் பலர்க்குப் பயிற்சியளித்த அம்மையார், 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து தேசத்தில் இயற்கை எய்தினார்.

உண்ணுதலும் கற்கவேண்டிய ஒரு கலையே. நம் இல்லங்களில் அப்பத்தாவோ ஆயாவோ நிலாக் காட்டி ஊட்டக் குழந்தை எளிதில் உண்கின்றது. வளர்ச்சி குன்றிய சில குழந்தைகட்கோ மெல்லுதலும் விழுங்குதலும் அரியனவாம். வலிந்து திணிப்பின் உணவு மூச்சுக்குழலிற் புகுந்து பெருந்தீங்கு விளைத்தலும் கூடும். ஆதலின் இந்நாளைப் பயிற்சியாளர், வைத்தியர் சோதித்தறிந்தபின், குழந்தையை நிமிர்ந்தமரச் செய்து, காணல், தொடல், முகர்தல், நாவில் வைத்தல், மெல்லுதல் எனச் சிறு படிகளாகப் பழக்குவர். இத்துறையை அம்மையார் நிறுவினாரல்லர். ஆயினும், பெரிய செயலைச் சிறு படிகளாக்கிப் பொறுமையுடன் காத்திருக்கும் நெறி இரண்டிற்கும் பொதுவாம்.

இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகள் துய்க்கும் இக்கல்வி, பூட்டிய அறையிற் கிடந்த குழந்தைகளிடம் கற்ற பாடத்தின் விளைவன்றோ? அவர் பெயர் பூண்ட வகுப்பின் வாயிலிலேயே அத்தகைய குழந்தையொன்று திருப்பியனுப்பப்படுமாயின், கடன் பெற்றவர் கடன் தந்தவரைத் தெருவில் நிறுத்தியதாகும். பற்றுவரவு பிசகாது பேரேடு எழுதும் செட்டிநாட்டார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. அக்குழந்தைகட்கும் நம் பள்ளிகளில் ஓரிடம் அளித்தலே அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.