டிஷ்லிப் பண்ணையின் ராபர்ட் பேக்வெல்

ஒரு மந்தையில் நூறு கன்றுகள் பிறந்தால் நூறும் ஒன்றுபோல் வளர்வதில்லை. சில விரைவில் பருத்து வளரும். சில மெலிந்தே நிற்கும். சில பசுக்கள் ஆண்டுதோறும் கன்று ஈனும். சில நெடுநாள் சினை பிடிக்காமல் இருக்கும். இவ்வேறுபாடுகளுள் ஒரு பகுதி தீவனத்தாலும் நோயாலும் அமைவது. மற்றொரு பகுதி பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவது. வழிவழியாக வரும் பண்புகளைக் கூர்ந்து நோக்கி, வேண்டிய பண்புடைய விலங்குகளை மட்டும் இனப்பெருக்கத்திற்குத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திட்டமிட்டு நடத்திப் புகழ்பெற்றவர் இங்கிலாந்து நாட்டு உழவர் ராபர்ட் பேக்வெல். அவரது வாழ்க்கை ஒரு பெரும் வெற்றியின் வரலாறு. அவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையின் வரலாறும் ஆகும்.

பிறப்பும் இளமையும்

பேக்வெல் 1725ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர்ஷயரில், லஃப்பரோ நகருக்கு அருகிலுள்ள டிஷ்லிப் பண்ணையில் பிறந்தார். ஏறத்தாழ 440 ஏக்கர் பரப்புள்ள அப்பண்ணை அவர் குடும்பத்திற்குச் சொந்தமானதன்று, குத்தகை நிலமே. அவர் தந்தையாரும் தேர்ந்த உழவர். இளைஞரான பேக்வெல் இங்கிலாந்தின் பல பகுதிகளுக்கும் ஐரோப்பாவின் சில நாடுகளுக்கும் சென்று, அங்கங்கே நிலவிய வேளாண் முறைகளை நேரில் கண்டறிந்தார். 1760இல் தந்தையார் மறைந்தபின் பண்ணையின் முழுப்பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

அவர் எதையும் ஒப்பிட்டுப் பார்த்தே நம்பும் இயல்பினர். வாய்க்கால் வெட்டிப் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சியபோது, சில துண்டு நிலங்களை மட்டும் நீர் பாயாமல் விட்டுவைத்தார். பாய்ச்சிய நிலத்திற்கும் பாய்ச்சாத நிலத்திற்கும் உள்ள வேறுபாட்டை எவரும் கண்ணால் கண்டு அறியவே அவ்வாறு செய்தார். பின்னர்க் கால்நடைகளிடத்தும் இதே முறையைக் கையாண்டார்.

அக்காலத்து நிலை

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நகரங்கள் பெருகின. தொழிற்கூடங்களை நாடி மக்கள் குடிபெயர்ந்தனர். அந்நாட்டு மக்களின் உணவில் இறைச்சிக்கு முதன்மையான இடம் இருந்ததால் அதன் தேவை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. ஆனால் அதுவரை மாடுகள் பெரும்பாலும் உழவுக்கும் பாலுக்கும், ஆடுகள் கம்பளிக்கும் வளர்க்கப்பட்டு வந்தன. பொதுமேய்ச்சல் நிலங்களில் பலருடைய கால்நடைகள் கலந்து மேய்ந்தன. எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்பதை எவரும் கணக்கில் கொள்ளவில்லை. நன்கு கொழுத்த விலங்கு சந்தைக்குப் போயிற்று. விலைபோகாதது மந்தையில் தங்கிக் கன்று ஈன்றது.

மூன்று வழிகள்

இந்நிலையை மாற்ற, பேக்வெல் மூன்று வழிகளைப் பின்பற்றினார். முதலாவது, ஆண் விலங்குகளையும் பெண் விலங்குகளையும் தனித்தனியே அடைத்து, தாம் தேர்ந்தவற்றை மட்டும் இணை சேர்த்தார். இரண்டாவது, விரும்பிய பண்பு நிலைபெற வேண்டி, நெருங்கிய உறவுடைய விலங்குகளையே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தார். மூன்றாவது, காளைகளையும் ஆட்டுக் கிடாக்களையும் விற்காமல், ஒரு பருவத்திற்கு மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்.

மூன்றாவது வழி வருவாய்க்காக மட்டும் அமைந்ததன்று. ஒரு கிடா பல பண்ணைகளில் ஈனச்செய்த குட்டிகளைச் சென்று பார்த்து, அவை எவ்வாறு வளர்கின்றன என்பதைக் கொண்டு அக்கிடாவின் தரத்தை அவரால் அறிய முடிந்தது. சிறந்ததெனத் தெரிந்த கிடாவைத் தம் மந்தைக்கே திரும்பக் கொணர்ந்தார். வழித்தோன்றல்களைக் கொண்டு தந்தையை மதிப்பிடும் இம்முறை இன்றும் கால்நடை அறிவியலில் வழக்கில் உள்ளது.

அவர் உருவாக்கிய நியூ லெஸ்டர் என்னும் ஆட்டினம் குறைந்த காலத்தில் கொழுத்தது. எலும்பு சிறுத்து இறைச்சி மிகுந்தது. தொடக்கத்தில் ஒரு பருவத்திற்கு ஒரு பவுனுக்கும் குறைவாக வாடகை பெற்ற கிடாக்கள், பின்னர் நூற்றுக்கணக்கான கினிகளுக்குப் போயின. 1789ஆம் ஆண்டில் மூன்று கிடாக்கள் மட்டுமே 1200 கினி ஈட்டித் தந்தன.

நீள்கொம்பு மாடுகள்

மாடுகளுள் அவர் தேர்ந்தது அப்பகுதியில் பரவியிருந்த லாங்ஹார்ன் என்னும் நீள்கொம்பு இனம். கான்லி என்னும் ஊரிலிருந்து கிடாரிகளையும், வெஸ்ட்மார்லண்ட் பகுதியிலிருந்து ஒரு காளையையும் வரவழைத்துத் தம் மந்தையைத் தொடங்கினார். அவ்வழியில் தோன்றிய டூபென்னி என்னும் காளை பெரும்புகழ் பெற்றது. பிற்காலத்தில் பெயர்பெற்ற ஷேக்ஸ்பியர் என்னும் காளைக்குத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் டூபென்னியே மூதாதை என்பது, உறவுக்குள்ளேயே இணை சேர்த்தல் எவ்வளவு நெருக்கமாக நடந்தது என்பதைக் காட்டும்.

டிஷ்லிப் பண்ணையில் விலங்குகளை அடித்து ஓட்டும் வழக்கம் இல்லை. பெருங்காளைகளையும் ஒரு சிறுவன் சிறு குச்சியோடு அமைதியாக நடத்திச் சென்றதைப் பார்வையாளர்கள் கண்டு வியந்தனர். இறந்த விலங்குகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் ஊறிய இறைச்சித் துண்டுகளையும் பேக்வெல் தம் வீட்டில் வைத்திருந்தார். முந்தைய தலைமுறையின் எலும்பும் கொழுப்பும் எவ்வளவு, பிந்தைய தலைமுறையில் எவ்வளவு என்று அளந்து காண்பதற்கு அவை பயன்பட்டன. பல நாடுகளிலிருந்து வந்தோர் அனைவரையும் அவர் தம் வீட்டில் விருந்தோம்பினார். செலவு வரவை மிஞ்சியது. 1776இல் கடனால் நொடித்தார். எனினும் பணியைக் கைவிடவில்லை, மீண்டும் தலையெடுத்தார்.

கவனிக்கப்படாத பண்பு

லாங்ஹார்ன் மாடுகளில் பேக்வெல் நோக்கியது விரைந்த வளர்ச்சியும் கொழுப்பும் உடலமைப்புமே. அவை தலைமுறைக்குத் தலைமுறை மேம்பட்டன. ஆனால் பாலின் அளவு குறைந்தது. பசுக்கள் சினை பிடிக்கும் திறனும் தளர்ந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே தொடர்ந்து இணை சேர்த்தால் ஈனும் திறனும் உடல் உரமும் குன்றும் என்பதைப் பிற்கால அறிவியல் தெளிவாக்கியது. அக்காலத்தில் அதற்கான காரணத்தை விளக்க எவராலும் இயலவில்லை. பண்புகள் வழிவழியாக இறங்கும் விதிகளைக் கூறும் மெண்டலின் கட்டுரை வெளியானது 1866இல்தான்.

ஓர் உழவருக்குப் பசு எவ்வளவு பருமனாக இருந்தாலும், அது கன்று ஈனாவிட்டால் பயனில்லை. ஆகவே லாங்ஹார்ன் இனத்தின் புகழ் நீடிக்கவில்லை. சார்லஸ் காலிங், ராபர்ட் காலிங் என்னும் உடன்பிறந்தார் இருவர் பேக்வெல்லின் முறையைக் கற்று, டர்ஹம் பகுதியில் ஷார்ட்ஹார்ன் என்னும் குறுங்கொம்பு இனத்தை வளர்த்தனர். இறைச்சியோடு பாலும் தந்த அவ்வினம் எங்கும் பரவியது. அவர்களது காமெட் என்னும் காளை 1810இல் 1000 கினிக்கு விலைபோயிற்று. இவ்வாறு பேக்வெல்லின் மாடுகள் பின்தங்கின. அவருடைய முறையோ வென்றது.

மறைவும் தாக்கமும்

திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த பேக்வெல் 1795 அக்டோபர் 1 அன்று டிஷ்லியில் மறைந்தார். 1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் சார்லஸ் டார்வின் அவரைக் குறிப்பிட்டார். மனிதர் தேர்ந்தெடுப்பதால் விலங்குகள் இவ்வளவு மாறுமாயின், இயற்கையின் தேர்வும் அவற்றை மாற்றவல்லது என்னும் டார்வினின் எண்ணத்திற்கு இத்தகைய உழவர்களின் பணி சான்றாயிற்று.

இன்று இறைச்சி மாடுகளை வளர்க்கும் நாடுகளில், கன்று பிறக்கும்போது உள்ள எடை, பால்குடி மறக்கும்போது உள்ள எடை, பசு முதன்முதல் கன்று ஈனும் வயது, இரு ஈற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் ஆகிய அனைத்தும் பதியப்படுகின்றன. மரபணுவும் ஆராயப்படுகின்றது. எடை போன்ற வளர்ச்சிப் பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓரளவு நன்கு இறங்குவதால், தேர்வின் பயன் விரைவில் தெரிகின்றது. ஈனும் திறன் தீவனம், உடல்நலம், தட்பவெப்பம் ஆகியவற்றால் பெரிதும் மாறுவதால், அதன் முன்னேற்றம் மெதுவாகவே அமைகின்றது. எடையை மட்டும் கருதித் தேர்ந்தால், கன்று கருவிலேயே பெருத்து ஈற்றுத் துன்பமும் நேரிடும். ஆதலால் பல பண்புகளையும் ஒருசேர எடைபோட்டே காளைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

கூர்ந்து நோக்கிய பண்பு வளர்ந்ததும், நோக்காது விட்டது நழுவியதும் டிஷ்லிப் பண்ணையில் ஒருங்கே நிகழ்ந்தன. முதலாவது பேக்வெல் கற்பித்த பாடம். இரண்டாவது அவருடைய மாடுகள் கற்பித்த பாடம்.

சொற்பொருள்

கிடாரி – கன்று ஈனாத இளம்பசு
சினை – விலங்கின் கருவுற்ற நிலை
ஈற்று – கன்று அல்லது குட்டி ஈனுதல்
கினி – இங்கிலாந்தின் பழைய பொன் நாணயம்
நொடித்தல் – பொருள் இழந்து நலிதல்

பயிற்சி

1. பேக்வெல் புல்வெளியில் சில துண்டு நிலங்களுக்கு நீர் பாய்ச்சாமல் விட்டது ஏன்?
2. கிடாக்களை வாடகைக்குக் கொடுத்ததால் அவருக்குக் கிடைத்த இருவகைப் பயன்கள் யாவை?
3. லாங்ஹார்ன் இனத்தின் புகழ் நீடிக்காமைக்குக் காரணம் என்ன?
4. பேக்வெல்லின் மாடுகள் பின்தங்கின; அவருடைய முறை வென்றது – இக்கருத்தை ஐந்து தொடர்களில் விளக்குக.